‘பெட்ஸ் ஆர் பர்னிங்’: அரூர் மேடைக்கு ஒத்துவருமா?

பாட்டு நாலேகால் நிமிடம்தான். ஆனால் முதல் இரண்டு விநாடியிலேயே ஆளைப் பிடித்துவிடும். பித்தளைக் குழல் மூன்று குத்து குத்தும், உடனே ஒரு வெற்றிடம். அந்த வெற்றிடத்துக்குள் டிரம்ஸும் பேஸ் கிடாரும் நடந்து வரும். ஆஸ்திரேலியாவின் மிட்நைட் ஆயில் குழு 1987-ல் ‘டீசல் அண்ட் டஸ்ட்’ என்ற ஆல்பத்தின் முதல் பாட்டாக இதை வெளியிட்டது. பாடியவர் பீட்டர் கேரட். எழுதியதில் அவரோடு டிரம்மர் ராப் ஹர்ஸ்டுக்கும் கிடாரும் கீபோர்டும் வாசிக்கும் ஜிம் மோகினிக்கும் பங்கு உண்டு. அமெரிக்கப் பட்டியலில் 17-ஆம் இடம் வரை போனது. பழங்குடி நில உரிமையைப் பேசும் ஒரு ராக் பாட்டு அவ்வளவு தூரம் போவது அபூர்வம்.

ஆகஸ்ட் 9 பழங்குடியினர் நாளுக்கு அரூர், பென்னாகரம், தேன்கனிக்கோட்டை பக்கம் மேடை போடுகிறவர்களுக்கு இந்தப் பாட்டு பயன்படுமா, பயன்படுத்தினால் எங்கே சொதப்பும் என்பதுதான் இந்த விமர்சனம். சுருக்கமாக: ஒலிப்பதிவாகப் போட்டால் நன்றாக எடுபடும். அப்படியே மொழிபெயர்த்துப் பாடினால் கவிழும். கவிழ்வதற்குக் காரணம் மெட்டு இல்லை, ஒரு பிரதிப்பெயர். அதைப் பிறகு பார்ப்போம்.

பாட்டு எதைப் பற்றியது என்பதே பலருக்குத் தெரியாமல் உலகம் முழுக்க ஆடித் தீர்த்தார்கள். ஆஸ்திரேலியாவின் மேற்குப் பாலைவனத்தில் வாழ்ந்த பின்டுபி மக்களைப் பற்றியது. 1950, 60-களில் பிரிட்டன் தென் ஆஸ்திரேலியாவின் வூமெரா தளத்திலிருந்து ராக்கெட் சோதனை நடத்தியபோது, அது பறக்கும் பாதையில் இவர்களுடைய மண் இருந்தது. ரோந்து வண்டிகள் போய் ஆட்களைத் திரட்டி ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே சுமார் 240 கிலோமீட்டரில் இருக்கும் பாபுன்யா குடியிருப்பில் கொண்டுவந்து விட்டன. அங்கே நெருக்கடி, நோய், சாவு. 1981-ல் அவர்கள் தாங்களே மேற்கே திரும்பிப் போய் கின்டோரில் குடியேறினார்கள். பாட்டு வந்தது அதற்கு 6 ஆண்டு கழித்து. இந்த வரிசை முக்கியம். பாட்டைக் கேட்டு யாரோ மனமிரங்கி நிலம் கொடுத்தார்கள் என்று மேடையில் கதை கட்டுகிறவர்கள் உண்டு. மக்கள் முன்னால் போனார்கள், பாட்டு பின்னால் போனது.

பாட்டு பிறந்ததும் ஒரு பயணத்தில்தான். 1986-ல் மிட்நைட் ஆயில் குழுவினர் வாரும்பி பேண்ட் என்ற குழுவோடு பாலைவனக் குடியிருப்புகளில் சுற்றி வாசித்தார்கள். வாரும்பி பேண்ட் பாபுன்யாவிலேயே உருவான குழு. 1983-ல் லூரிட்ஜா மொழியில் ஒரு பாட்டை வெளியிட்டவர்கள். ஆஸ்திரேலியப் பழங்குடி மொழி ஒன்றில் வெளிவந்த முதல் ராக் தட்டு அதுதான். நகரத்து வெள்ளைக்காரக் குழுவின் சத்தம் அந்தக் குடியிருப்புகளில் எடுபடவில்லை, வாரும்பியின் எளிய தாளத்துக்குத்தான் கூட்டம் எழுந்தது. பிறகு வந்த ஆல்பத்தில் சத்தம் குறைந்து, இடைவெளி கூடியதற்கு அந்தப் பாலைவனமும் ஒரு காரணம் என்பதைக் காது வைத்துக் கேட்டாலே தெரியும்.

பாட்டின் சரணங்களைக் கவனியுங்கள். ஒரு கோஷம்கூடக் கிடையாது. பாலைவன மரங்களின் பெயர், ஓடாமல் கிடக்கும் ஹோல்டன் கார்களின் எலும்புக்கூடு, கொதிக்கும் டீசல் இன்ஜின், 45 டிகிரி வெயில், வண்டிச் சத்தத்துக்குப் பறக்கும் கொண்டைக் கிளிகள், கின்டோர், யுவெண்டுமு என்று ஊர்ப்பெயர்கள். பொருளை அடுக்கி, இடத்தைக் கண்முன் நிறுத்திவிட்டு, பிறகுதான் ‘இது அவர்களுடையது’ என்கிறது. நம் பக்கத்து மேடைப் பாட்டுகளில் நேர்மாறு. முதல் அடியிலேயே ‘உரிமை’, ‘போராட்டம்’, ‘அதிகாரம்’ மூன்றும் வந்துவிடும். சித்தேரி மலை வாழ்வில் சாமை, கடுக்காய், சீமாறுப்புல், புளி உலுக்கும் பருவம், ஜீப் ஏறும் மண்பாதை என்று இவ்வளவு சரக்கு கிடக்கிறது. ஒன்றும் பாட்டுக்குள் வராது. இந்த ஒரு பாடத்துக்காகவே உள்ளூர்ப் பாட்டெழுதுகிறவர்கள் இந்த நாலேகால் நிமிடத்தைப் பத்து தடவை கேட்கலாம்.

இப்போது அந்தப் பிரதிப்பெயர். ஆங்கிலத்தில் ‘வி’ என்ற ஒரே சொல். தமிழில் பேனாவை வைத்ததும் கேள்வி எழும்: நாமா, நாங்களா? பல்லவி கேட்பது, பூமி சுழலும்போது எப்படி ஆடுவது, படுக்கை எரியும்போது எப்படித் தூங்குவது என்று. கேட்கிறவர் பின்டுபி இல்லை. அடுத்தவர் மண்ணில் வீடு கட்டிக் குடியிருக்கும் வெள்ளைக்காரர், தன்னைப்போலவே குடியிருக்கும் இன்னொருவரைக் கேட்கிறார். பாட்டில் பழங்குடி மக்கள் ‘அவர்கள்’. ஆகவே இங்கே வரவேண்டியது ‘நாம்’. கேட்கிறவரையும் குற்றத்துக்குள் இழுத்துப்போடும் ‘நாம்’.

தமிழில் பாட முயல்கிறவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல ‘எங்கள் நிலம், எங்கள் காடு, திருப்பிக் கொடு’ என்று திருப்பிவிடுவார்கள். அது நல்ல பாட்டாகவே இருக்கலாம். ஆனால் வேறு பாட்டு. சித்தேரி மலையாளிகளும் (கேரளத்தாரைச் சொல்லவில்லை, மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வழங்கும் பெயர் இது) பென்னாகரம், அஞ்செட்டிப் பக்கத்து இருளரும் அதைப் பாடினால் முழுக்கப் பொருந்தும். அரூர் டவுனில் இருக்கிற கல்லூரி மாணவர் குழு கழுத்தில் பறையை மாட்டிக்கொண்டு ‘எங்கள் காடு’ என்று பாடினால் யாருடைய காடு என்று மலையிலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்குச் சிரிப்பு வரும். மலைக்கு வெளியே இருக்கிறவர்கள் பாடுவதற்கென்றே எழுதப்பட்ட அரிய பாட்டு இது. அந்த அருமையை ஒரே சொல்லில் தொலைப்பது வீண்.

இன்னும் இரண்டு இடங்கள் வழுக்கும். பாட்டில் ‘வாடகை கொடு’ என்ற பொருளில் ஒரு சொல் வருகிறது. அது ஆஸ்திரேலிய நில உரிமை இயக்கத்தின் பழைய முழக்கம். குடியேறியவர்கள் மண்ணின் சொந்தக்காரர்களுக்குத் தர வேண்டியதைத் தரட்டும் என்று பொருள். நம்மூர்க் காதில் வாடகை, குத்தகை, வாரம் என்றாலே கொடுக்கிறவன் ஏழை, வாங்குகிறவன் பண்ணைக்காரன். நேராகப் பெயர்த்தால் பழங்குடிகளைப் பார்த்து ‘குத்தகை கட்டு’ என்று அதட்டுவதுபோல ஆகிவிடும். ‘அவங்க பங்கை அளந்து கொடுப்போம்’ என்று களத்துமேட்டுப் பேச்சுக்குக் கொண்டுபோனால் பொருள் நிமிரும்.

மற்றது தலைப்பு. படுக்கை எரிகிறது என்றால் தமிழில் சிதைதான் நினைவுக்கு வரும். அதனால் சிலர் ‘கூரை எரியுது’ என்று மாற்றுகிறார்கள். கூரை எரியும்போது கூத்தா என்று எதுகையும் கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் 2012 நவம்பர் 7-ல் நாயக்கன்கொட்டாய்ப் பக்கம் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி காலனிகளில் தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்ட மாவட்டம் இது. தருமபுரி மேடையில் ‘கூரை எரியுது’ என்று பாடினால் கூட்டம் நினைப்பது காட்டை அல்ல, அந்தச் சாயங்காலத்தை. அதைச் சொல்லத்தான் பாடுகிறீர்கள் என்றால் தெரிந்தே பாடுங்கள். தெரியாமல் எதுகைக்காகப் போட்டுவிட்டு முழிக்கக் கூடாது.

மொழிபெயர்ப்பில் சட்டச் சிக்கலும் உண்டு. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு, மூலப்பாட்டு வெளிவந்து 5 ஆண்டு கழித்து, முன்னறிவிப்பும் உரிமைத்தொகையும் கொடுத்து அதை மறுபடி பாடிப் பதிவுசெய்ய வழி விடுகிறது. ஆனால் தொழில்நுட்பத் தேவைக்கு மேல் மாற்றக் கூடாது. சொல்லை மாற்றித் தமிழாக்கிப் பதிவேற்றுவது அதில் அடங்காது, உரிமையாளர் அனுமதி வேண்டும். யூடியூபில் போட்ட வேகத்திலேயே பல பாட்டுகள் முடங்குவது இதனால்தான். மெட்டும் சொல்லும் சொந்தமாகப் போட்டு, கட்டுமானத்தை மட்டும் கற்றுக்கொள்வது எல்லா வகையிலும் நல்லது.

கட்டுமானம் என்ன? தாளம் நாலு அடி, நிமிடத்துக்கு ஏறத்தாழ 120. சுருதி ஈ மைனர், நம் கணக்கில் மூன்று கட்டை. சரணம் முழுக்க பேஸ் கிடார் ஒரே நடையைத் திருப்பித் திருப்பி வாசிக்க, குரல் கிட்டத்தட்ட பேச்சு. பல்லவிக்கு முந்தைய பகுதியில் இறுக்கம் கூடும். பல்லவியில் பல குரல் ஒன்றாக மேலே ஏறும். ஆண்கள் மட்டும் உள்ள குழுவுக்கு அந்த ஏற்றத்தில் தொண்டை கிழியும். இரண்டு கட்டைக்கு இறக்கினால் சரியாக வரும். அப்படி இறக்கும்போது பேஸ் கிடாரின் தடித்த தந்தியையும் ஒரு சுரம் தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் நடையின் அடிச்சுரமே கிடைக்காது.

டிரம் செட்டுக்குப் பதில் 4 பறை, ஒரு இரட்டைப் பம்பை போதும். இங்கே முதல் கோளாறு வேகம். பறைக்காரர்கள் உற்சாகத்தில் ஏறுவார்கள். 120-ல் தொடங்கியது இரண்டாம் பல்லவிக்குள் 135-ஐத் தொட்டுவிடும். ஆட்டத்துக்கு அது அழகு, பேச்சுநடைச் சரணத்துக்கு எமன். ஊர்ப்பெயர்கள் ஒன்றும் காதில் விழாது. முன்னடிக்காரர் ஒருவர் காதில் மட்டும் மெட்ரனோம் (சீராகத் தாளம் தட்டும் கருவி) மாட்டி, அவருடைய சிம்புக்குச்சி சத்தத்தை மற்றவர்கள் பிடித்துப் போகட்டும். சரணத்தில் இரண்டு பறையை நிறுத்திவைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். இரண்டாம் கோளாறு தோல். பெட்டமுகிலாளம் போன்ற மேட்டில் பனி இறங்கும் இரவில் காய்ச்சிய பறை கால் மணி நேரத்தில் தொய்ந்து ‘தொப்பு தொப்பு’ என்று ஆகிவிடும். பாட்டுக்கு முந்தைய பேச்சு நீளமாக இருந்தால் பேச்சு முடியும்போது மறுபடி வைக்கோல் தீயில் காட்ட ஓர் ஆளை ஒதுக்க வேண்டும். ஃபைபர் பறைக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதன் கிண்கிண் ஓசை இந்தப் பாட்டின் கனத்துக்கு ஒத்துவரவில்லை.

பித்தளைக் குத்துக்குக் கொம்பு ஊதலாமே என்று தோன்றும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கொம்பில் துளையும் கிடையாது, வால்வும் கிடையாது. குழாயின் நீளம் கொடுக்கிற சுரங்கள் மட்டும்தான் வரும். அது உங்கள் சுருதியோடு சேருவது அதிர்ஷ்டம். மூன்று குத்தை கீபோர்டில் பிராஸ் ஓசையில் வாசித்துவிட்டு, கொம்பைப் பல்லவி முடிவில் தாளத்துக்கு மட்டும் ஊதவிடுங்கள்.

இந்தப் பாட்டில் சவுண்ட் சர்வீஸ்காரர் செய்யும் பெரிய தவறு எக்கோ. அந்த மூன்று குத்துக்குப் பிறகு வரும் வெற்றிடம்தான் பாட்டின் கொக்கி. நம்மூர் மிக்ஸரில் எக்கோ குமிழ் எப்போதும் பாதிக்கு மேல் திருகியே இருக்கும். வெற்றிடம் முழுக்க எதிரொலி நிரம்பி, குத்து கூழாகிவிடும். எக்கோவை முழுக்க மூடுங்கள். பறைக்காரர்களையும் அந்த இடைவெளியில் ‘டண்டணக்கா’ போட விடாதீர்கள்.

அடுத்தது குழாய். கம்பத்தில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கி அறிவிப்புக்கு நல்லது, குரல் ஒரு கிலோமீட்டர் போகும். ஆனால் அடித்தொனியை அது தராது. பேஸ் கிடாரின் கீழ்த்தந்தி 41 ஹெர்ட்ஸ். கூம்பில் அது இருந்த இடமே தெரியாது. பாட்டின் முதுகெலும்பே அந்த நடைதான் என்பதால் குழாயில் மட்டும் போட்டால் யாரோ தகரம் தட்டிக்கொண்டு பேசுவதுபோலக் கேட்கும். 15 அங்குல பாக்ஸ் இரண்டு, அடித்தொனிக்கென்றே உள்ள 18 அங்குல சப் ஒலிபெருக்கி இரண்டு மேடையருகே வைத்து, குழாயை அறிவிப்புக்கு மட்டும் விடலாம். இவ்வளவும் சேர்ந்து 3 கிலோவாட் இழுத்தால் 5 கேவிஏ ஜெனரேட்டர் விளிம்பில்தான் நிற்கும். ஒவ்வொரு அடிக்கும் விளக்கு மினுக்கினால் மின்னழுத்தம் விழுகிறது என்று அர்த்தம். டிஜிட்டல் மிக்ஸர் நடுப்பாட்டில் அணைந்து எரியும். 7.5 கேவிஏ வாங்குங்கள், முடியாவிட்டால் மிக்ஸருக்கு மட்டுமாவது ஒரு யுபிஎஸ் வையுங்கள்.

ஒலிப்பதிவாகப் போடுகிறவர்களுக்கு ஒன்று. 1987 பதிவு இன்றைய சினிமாப் பாட்டுகளைவிடச் சில டெசிபல் மெலிவாக இருக்கும். முந்தைய பாட்டு ஓடிய அளவிலேயே விட்டால் சோகையாகத் தெரியும், உடனே ஆபரேட்டர் ட்ரெபிளை ஏற்றுவார், காது கூசும். ட்ரெபிளைத் தொடாமல் மொத்த ஒலியை ஏற்றினால் போதும். ஃபோனிலிருந்து போட்டால் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். மூன்றாம் குத்தில் அழைப்பு வந்தால் கதை முடிந்தது.

பாட்டைத் தாண்டி அந்தக் குழுவைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 2000 அக்டோபர் 1 சிட்னி ஒலிம்பிக் நிறைவு விழாவில் ‘மன்னிக்கவும்’ என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல் பொறித்த கறுப்பு உடையில் இதே பாட்டைப் பாடினார்கள். பழங்குடிகளிடம் மன்னிப்புக் கேட்க மறுத்துவந்த பிரதமர் ஜான் ஹோவர்ட் அங்கே உட்கார்ந்திருந்தார். மன்னிப்பு 2008 பிப்ரவரி 13-ல் கெவின் ரட் வாயிலிருந்து வந்தது, அப்போது பாடகர் கேரட்டே சுற்றுச்சூழல் அமைச்சர். அதே கேரட் 2009-ல் ஒரு யுரேனியம் சுரங்கத்துக்கு அனுமதியும் கொடுத்தார், அணு எதிர்ப்பில் வளர்ந்த மனிதர். பாட்டைக் குறை சொல்ல இது காரணமாகாது. பாடகரைக் கட்அவுட்டில் ஏற்றாமல் இருக்க நல்ல காரணம்.

உள்ளூர் விளக்கத்துக்கு ஒரு தேதி உதவும். ஆஸ்திரேலியா யாருக்கும் சொந்தமில்லாத நிலமாக இருந்தது என்ற பழைய சட்டப் பொய்யை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மாபோ வழக்கில் 1992 ஜூன் 3-ல் உடைத்தது. 17 நாள் கழித்து, ஜூன் 20-ல், அரூருக்குப் பக்கத்து வாச்சாத்திக்குள் சந்தனக்கட்டை தேடுவதாக வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் நுழைந்தார்கள். 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு நடக்கும்போதே இறந்துபோக, மீதி 215 பேரையும் 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. 2023-ல் அதே செப்டம்பர் 29-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இதைத் தொகுப்பாளர் பாட்டுக்கு முன்னால் 40 விநாடியில் சொல்லலாம். பாட்டுக்குப் பின்னால் சொன்னால் கூட்டம் கலைந்திருக்கும்.

பாட்டு ‘திருப்பிக் கொடுப்போம்’ என்கிறது. நம் 2006 வன உரிமைச் சட்டம் கொடுப்பதாகச் சொல்லவில்லை, ஏற்கெனவே இருக்கும் உரிமையை ‘அங்கீகரிப்பதாக’ச் சொல்கிறது. அந்த வேறுபாட்டை மேடையில் விளக்குவதைவிட, பக்கத்தில் ஒரு மேசை போட்டு விண்ணப்பப் படிவம் வைப்பது மேல். தனிநபர் உரிமைக்குப் படிவம் ஏ, சமூக உரிமைக்கு பி, சமூக வன வளத்துக்கு சி. தனிநபருக்கு உச்சவரம்பு 4 ஹெக்டேர், 2005 டிசம்பர் 13-க்கு முன்பே அனுபவத்தில் இருந்திருக்க வேண்டும், சட்டவிதி சொல்லும் சான்றுகளில் குறைந்தது இரண்டை இணைக்க வேண்டும், கிராமசபை தீர்மானம் வேண்டும். கிராமசபை நிராகரித்தால் 60 நாளுக்குள் கோட்ட அளவிலான குழுவுக்கு மேல்முறையீடு. ஒரே சான்றோடு மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

மதிப்பெண் 5-க்கு 4. ஒரு மதிப்பெண் குறைந்தது, பின்டுபி மக்களைப் பற்றிய பாட்டில் பின்டுபி குரல் ஒன்றுகூட இல்லாததற்காக. அதனால் இதைத் தனியாகப் போடாதீர்கள். முதலில் வாரும்பி பேண்ட் பாட்டு ஒன்று, அடுத்து இது, பிறகு மலையிலிருந்து வந்தவர்கள் தங்கள் பாட்டைப் பாடட்டும். அவர்கள் பாட்டு நீளும், நீளவிட வேண்டும். ஆகவே இதை ராத்திரி 9 மணிக்கு முன்பே முடித்துவிடுங்கள். காவல் நிலைய அனுமதிக் கடிதம் கையில் இருந்தாலும் 10 மணிக்கு ஒலிபெருக்கியை அணைத்தாக வேண்டும்.